உறை

ராத்திரி இரண்டே காலுக்கு
ஃப்ரீசருக்குள் ஏதோ கரகரத்தது,
தூக்கத்தில் பல் கடிப்பது போல.
பிறகு சத்தமே இல்லை.

காலையில் கதவைத் திறந்தேன்.
பட்டாணிக்குக்கூட இடம் விடாமல்
முழுக்க என் பால்.
முப்பத்தொன்பது உறைகள்.
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து:
ஜூலை 9, மதியம் 2.20, தொண்ணூறு மில்லி.
ஜூலை 11, எழுபது. அன்றைக்கு அப்ரைசல்.
அலுவலகத்தில் காவேரி என்று பெயர் வைத்த
மீட்டிங் அறையைத் தாழிட்டுக்கொண்டு
பம்பின் விர்விர்ருக்கு நடுவே கறந்தது.
"இன்னிக்கு எத்தனை டி.எம்.சி.?"
என்பான் பரிதி, பையை வாங்கிக்கொண்டே.

ஓரத்து உறைகள் மெத்தென்றிருந்தன.
அழுத்தினால் உள்ளே நகர்ந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
ஒன்றை அழுத்தினேன், நான்கை அழுத்தினேன்,
வயலின் கேட்டேன்.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்
யாரோ வருவார்களாம்.
இரண்டாவது நம்பர் ஓசூரில் ஒரு சிமென்ட் கடை.
மூன்றாமவர் பார்க்காமலே
"கம்ப்ரஸர் போச்சு, ஒன்பதாயிரம்" என்றார்,
கட்டத்தைப் பிரிக்காமலே
தோஷம் சொல்லும் ஜோசியர் மாதிரி.

மாடியிலிருந்து லவீனா அக்கா இறங்கி வந்தாள்.
"கொடு இங்க."
கெட்டியாய் இருந்த இருபத்தெட்டையும்
தன் ஐஸ் பெட்டியில்
பாங்டா மீன்களுக்கு நடுவே சொருகினாள்.
"வாசம் ஏறினா
உன் பொண்ணு மங்களூர்க்காரி ஆயிடுவா, பரவாயில்லையா?"

ஈஜிப்புராவில் எங்கள் தெருமுனை.
மாதப்பனின் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஒரு சுவர்,
சுவர் முழுக்கக் கரித்துண்டால் எண்கள்:
கேஸ், தண்ணி லாரி, பாம்பு பிடிக்கிறவர்.
'ஐஸ் நயாஸ்' என்பதற்கு நேரே
கடைசி இரண்டு இலக்கத்தை மழை தின்றிருந்தது.
யாருடைய சட்டையையோ மடித்தபடி
"அறுபத்தேழு" என்றார் மாதப்பன்.
காலர் வரைக்கும் யோசித்து,
"இல்ல, எழுபத்தாறு."

எழுபத்தாறுதான்.

நயாஸ் வந்தபோது மணி நாலு.
நீலசந்திராவிலிருந்து, காதில் பென்சிலோடு.
என்னிடம் தமிழில் விசாரித்தான்,
துருப்பிடித்த ஸ்க்ரூவை உருதுவில் திட்டினான்,
போனில் யாரிடமோ கன்னடத்தில் பார்ட்ஸ் விலை கேட்டான்.
அதற்கெல்லாம் முன்னால்
மூடிய கதவில் காதை வைத்தான்.
"ஃபேன் ஐஸ்ல மாட்டிக்கிச்சு. ஹீட்டர் ஓடல."

பின்தட்டு கழன்றது.
மூன்று விரல் தடிமனில் ஒரு வெள்ளைச் சுவர்.
குளிரின் வழியைக் குளிரே அடைத்துக்கொண்டிருந்தது.

ஹேர் டிரையர் இருக்கா என்றான்.
பிரசவத்துக்குப் பிறகு நான் தொடாதது.
தூசி தட்டிக் கொடுத்தேன்.
நாற்பது நிமிஷம்.
தொட்டிலில் அவள் அழுவாள், நான் போவேன்,
அவன் பிடிப்பான். நான் வருவேன்,
அவன் தண்ணீர் துடைப்பான்.

மேசையில் மிச்சம் பதினொரு உறைகள்.
என்னவென்று கேட்கவில்லை.
தேதியைப் படித்தான் போலிருக்கிறது,
சட்டென்று மீட்டரின் பக்கம் திரும்பிக்கொண்டான்.
"இத மட்டும் மறுபடி உறைய வைக்காதீங்க, மேடம்."

தெர்மோஸ்டாட் முந்நூற்றைம்பது, கூலி நானூறு.
கிளம்பும்போது சட்டைப் பையைத் துழாவி
ஒரு ரூபாயை மேசையில் வைத்தான்.
"கிண்ணத்துல தண்ணிய உறைய வச்சு
இத மேல வையுங்க.
மேலயே இருந்தா சரி.
உள்ள போயிருந்தா, நீங்க தூங்கறப்ப
எல்லாம் கரைஞ்சு திரும்பக் கெட்டியாயிருக்கு.
ஃப்ரிட்ஜ் வாய் திறக்காது. காசு சொல்லிடும்."

பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கத்தரித்தேன்.
ஜூலை 11 மட்டும்
கொஞ்ச நேரம் கையில் கனத்தது.
அந்த எழுபது மில்லி நேரத்தில்தான்
எனக்கு வரவேண்டிய டீமை
இன்னொருவருக்குக் கொடுத்தார்கள்.
சிங்க்கில் வெள்ளையாய்ச் சுழன்று இறங்கியது.
குழாயைத் திறக்கக் கை போகவில்லை.

மறுநாள் இரவு மூன்று மணி.
ஒரு மார்பில் அவள். மறுகையில் டார்ச்.
கிண்ணத்தில் காசு,
பனி பூத்து எழுத்துத் தெரியாமல்.
நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன்.
மேலேதான் இருக்கிறது.

விடிந்ததும் மாடிக்குப் போய்
இருபத்தெட்டையும் எண்ணி வாங்க வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை வேறு,
லவீனா அக்கா குழம்பு வைக்கும் நாள்.