அரைப்பேர்

பேர் வைத்தது திலகேஸ்வரி.
பதினெட்டுக் கிலோ வராத நாளில்
செக்ரோலில் அவள் அம்மாவுக்கு விழுந்தது அது:
அரை நாள், அரைச் சம்பளம், அரைப்பேர்.
எங்களிடமும் எல்லாம் அரையாகத்தான் இருந்தது.
ரொஷாந்தனுக்குக் கிட்டாரில் மூன்றே பிடி.
பண்டாரவின் டிரம்ஸில் ஒரு சிம்பல்,
இன்னொன்று தேயிலைப் பெட்டியின் தகர மூடி.
என் பேஸ்
நாவலப்பிட்டி அடகுக்கடையில் யாரோ மீட்காமல் விட்டது.
நாலாவது கம்பி இல்லை.
மாமாவின் ஆட்டோ கிளட்ச் கேபிளைப் பிரித்து
ஓர் இழையை இழுத்துக் கட்டினேன்.
சுதி சேரவில்லை.
சேர வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை.

ஒத்திகை கொழுந்து மடுவத்தில்,
கடைசி நிறுவை முடிந்து லொறி போன பிறகு.
அந்த வருஷம்
கரண்ட் ஒரு மணித்தியாலம் வரும், மூன்று மணித்தியாலம் போகும்.
பாட்டுகள் குட்டையாகிப் போயின.
ஆக நீளமானது ஒரு நிமிஷம் ஐம்பது செக்கன்.
பங்க் என்றால் அப்படித்தான் என்று
கொழும்பிலிருந்து வந்த ஒருத்தன் பிறகு விளக்கினான்.
நாங்கள் அதை மின்சார சபையிடம் கற்றோம்.

திலகா பாடமாட்டாள்.
பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவது போலக் கத்துவாள்:

சாக்குக்கு ரெண்டு
தண்ணிக்கு ரெண்டு
முத்தின இலைக்கு ரெண்டு
மிச்சம் எவனுக்கு

அவ்வளவுதான் பாட்டு. நாலு தடவை. நிறுத்து.
பண்டாரவுக்குத் தமிழில் எண்கள் மட்டும் தெரியும்,
மஸ்கெலியா பஸ்ஸில் கண்டக்டர் மகன்.
போதும். இதில் வேறென்ன இருக்கிறது.

தேர்த் திருவிழாவுக்குக்
கண்டியிலிருந்து வரவேண்டிய இசைக்குழு
கினிகத்தேனை மண்சரிவில் நின்றுவிட்டது.
"பக்திப் பாட்டு வருமா?" என்றார்கள் கமிட்டிக்காரர்கள்.
"வரும்," என்றான் ரொஷாந்தன்,
முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது.
கைக்குழந்தைகள் அழுதன.
கணக்கப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தார்.
சாக்குக்கு ரெண்டு, மூன்றாம் தடவை,
பெண்கள் பக்கமிருந்து,
நனைந்த கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல்:
"ரெண்டு இல்லடி. மூணு!"

திலகா நின்றாள்.
பண்டார நிற்கவில்லை.
அவள் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.
தண்ணிக்கு?
"மழைநாளில அஞ்சு!"
இலைக்கு?
"அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவான்!"
சிரித்தார்கள். அப்படியொரு சிரிப்பை
அந்தக் கோயில் வாசலில் நான் கேட்டதில்லை.
அதிலிருந்து அது எங்கள் பாட்டு இல்லை.

தலைவர் வயரைப் பிடுங்கினார்.
இருட்டில் தகர மூடி மட்டும் அடித்தது,
எண்கள் மட்டும் வந்தன,
மேல் கணக்கிலிருந்து, பணிய கணக்கிலிருந்து.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
போன் பதிவு பதினோராம் நிமிஷத்தில் நின்றது,
சார்ஜ் இல்லை.

மறுநாள் மடுவத்தில் புதுப் பூட்டு.

ரொஷாந்தன் வெள்ளவத்தையில் புடவை மடிக்கிறான்.
பண்டார அப்பாவின் பஸ்ஸில் மிச்சக்காசு எண்ணுகிறான், தமிழிலேயே.
திலகா குவைத்தில்.
வொய்ஸ் அனுப்புவாள். மெதுவாகப் பேசுகிறாள்.
எனக்கு அது இன்னும் பழகவில்லை.
அந்தக் கேபிள் இழையைத் திரும்ப
ஆட்டோவுக்கே பூட்டினேன் என்று சொல்ல ஆசை.
இல்லை. அது அறுந்து கட்டைவிரலைக் கிழித்தது.
தழும்பு இருக்கிறது.

ஆட்டோ மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது.
ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு
பாதை மூடாத நாளில் பதினொரு நிமிஷம்.
ஹயரில் அதைத்தான் போடுவேன்.
சிலர் நிறுத்தச் சொல்வார்கள்.
ஒரு பொடியன் "இதென்ன சத்தம் அண்ணே?" என்று கேட்டுவிட்டு
இறங்கும்போது அனுப்பச் சொன்னான்.

நேற்று ஓர் அக்கா, மடியில் கோதுமை மா மூட்டை,
இரண்டாம் வளைவு வரை வாய் திறக்காதவள்
கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்:
"இப்ப டிஜிட்டல் தராசு, தம்பி.
நாலு."