பின்னால் உட்கார்ந்தவள்

ஓட்டுகிறவனுக்கு முன்னால் என்ன இருந்ததோ,
எனக்கு முன்னால் இருந்தது அவன் முதுகு.
தோள் தையலில் ஒரு நூல் பிரிந்து
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தேங்காய்க் களத்திலிருந்து தார்ரோட்டுக்கு
ரெண்டு கிலோமீட்டர் இட்டேரி.
வெள்ளகோவில் பஸ் ஆறேகாலுக்கு.
"ஏறிக்கங்க்கா, விட்டுர்றேன்" என்றான்
லோடு எழுத வருகிற பூபதி.
ஒருபக்கமாக உட்கார்ந்தேன்.
அவன் தோளைப் பிடிக்க முடியாது,
பத்துப் பேர் பார்க்கிற களம்.
பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
மடியில் டிபன் டப்பா.

ரெண்டு பக்கமும் ஆள் உயரம் கிளுவை.
திருப்பத்துக்கு அந்தப்புறம்
ஒரு டிராக்டர் இருமியது.
எனக்குக் கேட்டது. அவன் காதுமேல் ஹெல்மெட்.
சொல்லலாமா என்று நினைத்தேன்.
அந்த நினைப்பு
முடியவில்லை.

அப்புறம் வாயில் மண்.
தக்காளிச் சோறு வேலி முள்ளில்.
என் இடது பாதம்
வேறு ஏதோ ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

தூக்க வந்தவனை ருக்குமணி அதட்டினாள்.
என்னோடு பருப்பு நோண்டுகிறவள்,
பின்னால் நடந்து வந்தவள்.
"இழுத்து நேராக்காதீங், கெடக்கறபடியே கட்டோணும்."
எலும்பு வெளியே தெரிந்த இடத்தைச் சுற்றி
துவைத்த துண்டை மடித்து அழுத்தினாள்.
மேலே ஒன்று, கீழே ஒன்று காய்ந்த தென்னமட்டை,
நடுவே என் கால்,
அவள் முந்தானை கிழிந்த சத்தம்.
தண்ணி கேட்டேன். தரவில்லை.
"ஆப்பரேசன் பண்ணுவாங்க, பொறு."
எங்கே படித்தாளோ.

நூத்தியெட்டு இட்டேரிக்குள் நுழையாது.
இடித்த டிராக்டரே
படுதா விரித்து ஏற்றிக்கொண்டு போனது.
ஒவ்வொரு குழிக்கும் டிரைவர் பின்னால் திரும்பி
மன்னிப்புக் கேட்டான்.

பெருந்துறையில் நர்ஸ் நோட்டைத் திறந்தாள்.
எந்த ரோடு?
ரோடு இல்லைங், இட்டேரி.
வண்டி ஓட்டுனது?
பூபதி.
உங்களுக்கு அவரு என்ன வேணும்?
ஒண்ணும் வேண்டாங் என்றேன், வலியில்.
"ஒறவு கேக்கறனுங்க்கா. ஒறம்பரையா?"
அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து நின்றிருந்தார்.
அந்தக் கட்டத்தில் அவள் ஒரு கோடு போட்டாள்.
அந்தக் கோட்டைச் சென்னியப்பன்
ரொம்ப நேரம் பார்த்தார்.

முதல் நாள் ராத்திரி கேட்டது ஒன்றே ஒன்று:
எதுக்கு ஏறுனே?
அதற்குப் பதில் பஸ் டைம்.
அதைச் சொன்னேன். போதவில்லை.

முழங்காலுக்குக் கீழே எட்டுக் கம்பி,
வெளியே ஒரு இரும்புச் சட்டம்,
ஜன்னல் பிடுங்கி வைத்த மாதிரி.
தினமும் ஒவ்வொரு துளையும் துடைக்க வேண்டும்.
ஒரு துளைக்கு வைத்த பஞ்சு
அடுத்ததைத் தொடக் கூடாது.
சிவப்பு ஏறுகிறதா, சீழ் கட்டுகிறதா,
காய்ச்சல் உண்டா, விரல் அசைகிறதா.
நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள்.
சோப்புப் போட்டு முழங்கைவரை கை கழுவிவிட்டு
கற்றுக்கொண்டவர் அவர்தான்.
தறியில் அறுந்த இழை எடுக்கிற விரல்
முதல் துளையில் நடுங்கியது.

பூபதி மூணு இளநி வாங்கிக்கொண்டு வந்து
வார்டு வாசலோடு நின்று
வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனானாம்.
யாரும் பேசவில்லை. இளநியை வெட்டினோம்.

பதினோராம் நாள், அஞ்சாவது துளையில்
தலை நிமிராமல் கேட்டார்: நோவுதா?
நோவுது என்றேன்.
ஊதினார். நர்ஸ் திட்டினாள்,
வாய்க்காற்றுப் படக் கூடாதாம்.

கம்பி எடுத்து, பவுடர் டப்பாவை உருட்டி உருட்டி
பாதம் மடக்கப் பழகி,
ஏழாம் மாசம் களத்துக்குக் கணக்குத் தீர்க்கப் போனோம்.
அவர் மொபெட்டில், ரெண்டு பக்கமும் கால் போட்டு,
எனக்கும் ஒரு ஹெல்மெட்.
கை அவர் தோளில்.

அதே கிளுவை. அதே திருப்பம்.
ஒரு சத்தமும் இல்லை.
"பாத்து" என்றேன், களம்வரை கேட்கிற மாதிரி.
பிரேக் பிடித்தார். எஞ்சினை அணைத்தார்.

ஒன்றும் வரவில்லை.
அந்த ஒன்றுமில்லாதது கடந்து போகட்டும் என்று
காலூன்றி நின்றிருந்துவிட்டு
மறுபடி உதைத்தார்.