இரண்டு ஆள் வேலை

பெட்டியோடு வந்த கையேட்டின் நான்காம் பக்கத்தில்
முகமில்லாத இரண்டு பேர்
ஒரு புகைபோக்கியைத் தாங்கி நிற்கிறார்கள்.
ஒற்றை ஆள் நிற்கும் படத்தின் மேல்
பெருக்கல் குறி.

அந்தப் பெருக்கல் குறிக்குக் கீழே இருப்பது நான்.
மரிவோன், ஐம்பத்தெட்டு வயது,
சிகூத்திமியில் தனி வீடு.
சமையலறை நடுவே தீவுபோல் ஒரு மேடை,
மேடையில் அடுப்பு,
அடுப்புக்கு மேலே மச்சில் ஒரு துளை.
கூரைக்காரன் குழாயை இறக்கி வைத்துவிட்டு
அக்டோபரிலேயே போய்விட்டான்.

மூன்று நாள் பெட்டியைச் சுற்றி நடந்தேன்.
நான்காம் நாள் பனியில் இறங்கிப்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.
கிஸ்லேன் வழித்துப் போட்ட பனி
என் வேலியைச் சாய்த்ததற்காக
இரண்டு குளிர்காலம் நாங்கள் பேசவில்லை.
"முப்பத்தெட்டு கிலோ" என்றேன்,
வணக்கத்துக்குப் பதிலாக.
ஏணியோடு வந்தார்.

மச்சிலிருந்து தூக்குக்குண்டு இறக்கினோம்.
குண்டு காட்டிய நடுவுக்கு மேலே உத்திரம் இல்லை,
நான்கு விரல் தள்ளி இருந்தது.
வீட்டைக் கட்டியவனுக்கு
நடு என்பது வேறெங்கோ.
பரணில் ஊர்ந்து குறுக்குக் கட்டை அறைந்தார்.
நான் டார்ச் பிடித்தேன்.
கண்ணாடிப் பஞ்சு சட்டைக்குள் இறங்கி
இருவரையும் ஒரேமாதிரி அரித்தது.

உயரத்துக்கு ஒரு சண்டை.
தலை இடிக்கும், முப்பத்தாறு அங்குலம் வை என்றார்.
யார் தலை என்றேன்.
முப்பது.

பிறகு அந்த எஃகுக் கவிகை.
அடுப்பு மேடைமேல் மண்டியிட்டு
நான் முதுகில் தாங்க,
தொங்கும் நான்கு திருகுக்கம்பிகளுக்கு
நான்கு நட்டுகளைத் தேடினார்.
மூன்று கிடைத்தன.
நான்காவது அவர் பற்களுக்கிடையே இருந்தது.
அதைக் கடித்துக்கொண்டே
"எங்க போச்சு, எங்க போச்சு" என்றார்.
நான் சிரித்தால்
முப்பத்தெட்டு கிலோவும் குலுங்கும்.
சிரிக்கவில்லை.
கண்ணீர் மட்டும் மூக்கு நுனி வழியே
புது அடுப்பில் சொட்டியது.

நாலரைக்கே இருட்டு.
சுவிட்சைப் போட்டேன்.
ஒரு காகிதத்தை நீட்டினோம்,
வலையோடு ஒட்டிக்கொண்டது.
கிஸ்லேன் கைதட்டிய அதே நேரம்
கூடத்தில் விறகுக் கணப்பு இருமியது.
மேலே போக வேண்டிய புகை
திரும்பி, நிதானமாக, வீட்டுக்குள் நடந்து வந்தது,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.

இடுக்கெல்லாம் ரப்பர், பசை, நுரை:
குளிருக்குப் பயந்து
பதினோரு வருடம் நான் அடைத்த வீடு.
இழுக்கிற வாய்க்குக் கொடுக்கக்
காற்று இல்லை அதனிடம்.
கிடைத்த ஓட்டையில் உறிஞ்சுகிறது.

கிழக்கு ஜன்னலின் பசையைக் கத்தியால் கீறி
மூன்று விரற்கடை திறந்தார்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
புகை கொஞ்சம் யோசித்தது,
வந்த வழியே போனது.
"காற்று வர தனிக் குழாய் போடணும். பனி உருகட்டும்."
அதுவரை சமைக்கும்போதெல்லாம்
அந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.
அது அவர் வீட்டைப் பார்த்த ஜன்னல்.

காபி வேண்டாம் என்று
ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறன்று வெங்காயத்தை வதக்கப் போட்டுவிட்டு
கூடத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.
தொலைபேசி.
பின்னால் பனிமண்வாரி தரையில் உரசும் சத்தம்.
"கருகுது" என்றார்.
வைத்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
கருகித்தான் இருந்தது.