இரண்டு வரிக் கட்டம்

ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாம் குடோன்.
நேரம்: இரவு இரண்டு நாற்பது.
பெயர்: தணிகைவேல். வயது முப்பத்தொன்று.
ஊர் லாலாப்பேட்டை.
உறுப்பு: இடது பாதம்.
விரல் எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம் இல்லை,
ஓரத்தில் மூன்று என்று போட்டேன்.

காரணத்துக்கு இரண்டே வரி.
சூப்பர்வைசர் பென்சிலால் ஏற்கெனவே
மெல்லிசாக எழுதி வைத்திருக்கிறார்:
கவனக்குறைவு.
அதன்மேல் பேனா ஓட்டினால் போதும்.

போர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது கத்தும்.
என் மேசை தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம்.
எட்டு மணி நேரம்
பல் டாக்டரிடம் வாய் திறந்தவள்போல
அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பேன்.
வீட்டில் குக்கர் கூவினாலும் ஒதுங்கி நிற்பேன்.

பங்குனியில் ஒரு ராத்திரி
நெற்றியை அழுத்திக்கொண்டு அல்தாபிடம் சொன்னேன்:
"அந்த ஒயரக் கொஞ்சம் புடுங்கி வுடேன் தம்பி."
"இன்னாக்கா, இவ்ளோதானா."
ஒரு ஸ்க்ரூ, ஒரு சாண் கறுப்பு டேப்.
அன்றைக்கு என் கணக்கில் ஒரு அடித்தல் இல்லை.

ஆடி மாதம்.
ஜெர்மனிக்குப் போகும் ஷூத் தோல்,
ஒரு பேலட் எழுநூறு கிலோ.
குனிந்து லேபிள் படித்துக்கொண்டிருந்தான் தணிகைவேல்,
ரப்பர் செருப்போடு.
கம்பெனி ஷூ தையிலேயே வந்திருக்க வேண்டும்.
வண்டி பூனை மாதிரி வந்தது.
எனக்குக் கேட்டது அவன் குரல்கூட இல்லை,
அல்தாப் "அல்லா" என்றதுதான்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு
ஆற்காட்டு மக்கன் பேடா கால் கிலோ வாங்கிப் போனேன்.
கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்தபடி
அவன் என்னைத் தேற்றினான்:
"எம்மேலதான் தப்புக்கா.
வண்டி வந்தா சத்தம் வரும்னு இருந்துட்டேன்."
பேடாவை அவன் பெண்டாட்டி எனக்கே ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.
தின்றேன்.

அல்தாப் மூன்று நாளாக வேலைக்கு இல்லை.
ஒயர் விஷயத்தில் என் பெயரை
அவன் யாரிடமும் சொல்லவில்லையாம்.
சொல்லித் தொலைத்திருந்தால் தூங்கியிருப்பேன்.

இன்று எல்லா வண்டியும் கத்துகின்றன.
யாருக்கும் தலைவலி இல்லை.

ரப்பரால் தேய்த்தேன்.
தாள் மெல்லிசு, கவனக்குறைவு முழுசாகப் போகவில்லை,
வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது.
அதன்மேலேயே எழுதினேன்:
ஒலிக்கருவி துண்டிக்கப்பட்டிருந்தது.
இந்தப் 'பட்டிருந்தது' எவ்வளவு வசதி,
யாருமே இல்லாமல் ஒரு வேலை நடந்து முடிகிறது.
முதல் வரி தீர்ந்தது.

இரண்டாவது வரி:
துண்டிக்கச் சொன்னவர், டைம் ஆபீஸ், பா. மரகதவல்லி.
இடம் போதாமல்
'வல்லி' கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.