கொல்லிக்கு வேலை இல்லாத இடம்

ஸாக்ரெபில் பிப்ரவரி.
ட்ராம் தண்டவாளத்தோரம் பனி கரைந்து சேறாகக் கிடக்கிறது.
மூன்றாம் மாடியில் யாத்ரான்கா கையுறையை உதறி மாட்டுகிறாள்.
ஏழாம் எண் ரத்தம் வந்துவிட்டது.
யாருடையது என்று தெரியாது, தெரியவும் கூடாது.
குழாய் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது,
அவ்வளவுதான் அறிமுகம்.

சுழன்று நின்றதும்
சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே
ஆறின பாலில் ஆடை படிந்தாற்போல் ஒரு வெண்கோடு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் உறிஞ்சுகிறாள்.

குழிக்குழியாய்த் தட்டு, குழிதோறும் வெள்ளணுக்கள்.
அவற்றுக்கு அவள் காட்டுவது
எப்போதோ செத்த கிருமியின் மேல்தோல்.
புலி இல்லை. புலித்தோல்.
அதற்கே ஊரைக் கூட்டிவிடுகின்றன.

அழற்சி என்கிறோம் நாம், உள்ளே அழல் இருக்கிறது.
உபாலா என்கிறாள் அவள்,
அதற்குள்ளும் யாரோ தீக்குச்சி உரசியிருக்கிறார்கள்.

பாதிக் குழிகளில் மருந்து விடுகிறாள்.
நுண்ணுயிர்க்கொல்லி.
கொல்ல ஓர் உயிர்கூட இல்லாத இடத்தில்
கொல்லி என்ன செய்யும்?

மறுநாள் நிறம் ஏறும்.
எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு கூச்சல்.
ஒன்று முதல் ஆறு வரை
மருந்து விழுந்த குழிகள் வெளிறிப்போயிருந்தன.
அணுக்கள் சாகவில்லை, எண்ணிப் பார்த்தாள்,
குரலை மட்டும் தாழ்த்தியிருக்கின்றன.

ஏழு தாழ்த்தவில்லை.
மருந்துக்குப் பிறகு
இன்னும் ஒரு பிடி கூடுதலாகவே கத்தியிருந்தது.

"கை தவறியிருக்கும்" என்றார் த்வர்ட்கோ,
காபியைக் கலக்கியபடி.
மிச்சமிருந்ததை வைத்து மறுபடி செய்தாள்.
அதே மஞ்சள்.
வரைபடத்தில் அந்தப் புள்ளி
பந்தியில் இடம் கிடைக்காதவன்போல் தனியே நின்றது.
அழிக்க அவள் மனம் ஒப்பவில்லை.

ராத்திரி ஸ்ப்ளிட்டிலிருந்து கிரெஷிமிர் பேசினான்.
திங்கள், புதன், வெள்ளி
அவனும் அதே மருந்தைத்தான் விழுங்குகிறான்.
சளியில் கிருமி இல்லையாம்,
நெஞ்சு தணியட்டும் என்று கொடுத்திருக்கிறார்கள்.
முன்பெல்லாம் ஒரு வாக்கியத்துக்கு நாலு இருமல்.
இப்போது ஒன்று.

"இன்றைக்கு எதைக் கொன்றாய்?" என்று கேட்டான்,
வழக்கமான கேலி.

"ஒன்றையும் இல்லை" என்றாள்.
"ஆறு பேரைத் தணித்தேன். ஒருவர் கேட்கவில்லை."

"யார் அது?"

ஜன்னலுக்குக் கீழே கடைசி ட்ராம்.
உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர்,
கழுத்துவரை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு.

"தெரியாது" என்றாள்.
"நீ மாத்திரையை நிறுத்திவிடாதே."