நாலு கல்

வடசேரி பஸ் ஸ்டாண்டு வெளியே
நடைபாதையில் நாலு கல் அகலம் காலி.
வாழைநார் ஒட்டிக் கிடந்தது.
பார்வதிபுரத்தில் இடம் போய்
செல்போன் கவர்களோடு வந்த நான்
தார்ப்பாய் முனையை அங்கே நீட்டினேன்.

யாரும் சத்தம் போடவில்லை.
குடை தைக்கும் மைதீன்பிச்சை எழுந்து வந்து
முனையை மடித்து
என் பக்கமே வைத்தார்.
"அது ஆளுள்ள எடம், கேட்டியா."

ஆள் ஒன்பது நாளாய் இல்லை.
மகனுக்கு ஆசாரிப்பள்ளத்தில் ஆபரேஷனாம்.
எவனோ நிறுத்திய பைக்கை
பூக்காரி சுயம்புகனி
திட்டித் திட்டியே நகர்த்தவைத்தாள்.

மாநகராட்சி லாரி வந்த அன்று,
"எடுலே, எடுலே."
என் கவர்கள் பாதி உள்ளே போயின.
மைதீன்பிச்சை ஓடினார்,
குடைகளை விட்டுவிட்டு,
கம்பத்தில் கட்டிய அவள் முக்காலியை அவிழ்க்க.
நான் ஏனோ தராசைத் தூக்கினேன்.

மறுநாள் மட்டிக்குலையோடு இறங்கினாள் லில்லிபுஷ்பம்.
தராசைத் தட்டிப் பார்த்தாள்.
முள் நடுவில் நின்றது.
பிறகு என் பக்கம் திரும்பி,
"ஒமக்க பேரு என்னவே?"

இந்த ஊரில் ஏழு மாசம்
'ஏய் கவரு', 'லேய்'.
பேரைச் சொல்ல
தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.