அரை நூல்

மட்டக்குளியில், டயர்க் கடைக்கு மேல்
எங்கள் அறை.
கராம்பளவு கொக்கியை வைஸில் இறுக்கி
மெழுகு தடவிய நூலைச் சுற்றத் தொடங்கினால்
பதினோராவது சுற்றில்
ஒரு பூச்சிக்கு உடம்பு வரும்.
நெஞ்சுக்கு முயல்காது மயிர்,
கால்களுக்குச் சேவலின் கழுத்திறகு,
வாலுக்கு மூன்று நார்.
வாய்ப்பாடு பழையது, யாரும் நிறம் மாற்றக்கூடாது.

‘மார்ச் பிரவுன்’ என்று பெயர்.
மார்ச் எங்களுக்கு வியர்வை.
எங்கோ ஒரு குளிர் ஆற்றில் அந்த மாதம்
இதே நிறத்தில் உயிருள்ள ஒன்று
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்புமாம்.
நான் கண்ட ஆறு களனி.
பாலத்தடியில் திலாப்பியாவுக்குப்
பாண் உருண்டைதான் குத்துவார்கள்.

இன்று நிலூகா மிஸ் ஒரு டசினைத் திருப்பித் தந்தார்.
“வால் அரை நூல் கூட.”
மீன் அடிமட்டம் கொண்டா வருது என்று
ஜெசிந்தா அக்கா முணுமுணுத்தது
எனக்கு மட்டும் கேட்டது.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
சார்ஜ் லைட் வெளிச்சத்தில்
முதலாவதை மறுபடி வைஸில் பூட்டி
கத்தரியைத் தேடினேன்.
ஜன்னல் காற்றுக்கு அதன் கால்கள் அசைந்தன.

சுவரிலிருந்து பல்லி இறங்கியது.
நின்றது. தலையைச் சரித்தது.
ஒரே பாய்ச்சல்.

முதலில் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன்.
ஏழு வருடத்தில் என் கைப்பூச்சியை
ஒரு வாய் நம்பியது இதுதான் முதல்.
நிலூகா மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

பிறகுதான் அது தொங்குவதைப் பார்த்தேன்.
தாடைக்குள் போன எதிர்முள்
வெளியே வர மறுத்தது.
அதற்காகத்தானே அதை அப்படிச் செய்திருக்கிறார்கள்.
போன மாதம் மட்டும் இருநூற்றுப் பத்து டசின்,
அத்தனைக்கும் ஒரு முனை இருந்தது;
நான் இறகின் பக்கமே பார்த்திருந்தேன்.

அக்கா துணியால் பொத்திப் பிடிக்க
குறட்டால் எதிர்முள்ளை நசுக்கி
வந்த வழியே பின்னுக்கு எடுத்தேன்.
பல்லி அலுமாரிக்குப் பின்னால் போனது,
ஒன்றும் சொல்லாமல்.
வால் மட்டும் மேசையில்,
முயல்மயிருக்கும் கத்தரிக்கும் நடுவே,
துள்ளிக்கொண்டே கிடந்தது.

கரண்ட் வந்தது.
படியேறி வந்து நிலூகா மிஸ் கேட்டார்,
“என்ன அது?”

அரை நூலுக்கு மேலேயே இருக்கும் மிஸ், என்றேன்.

அடிமட்டம் அவர் கையில்தான் இருந்தது.
அளக்கவில்லை.